குழந்தைக்கு ஸ்டென்ட் வைத்திருக்கும்போது சிறுநீர்த் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மழைத்துளி:
என் மகளுக்கு மூன்று வயது. இடது சிறுநீரகத்துக்குக் கீழே அடைப்பு இருந்ததால் பைலோபிளாஸ்டி (அடைப்பை நீக்கும் அறுவை) செய்து, உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து எடுப்பார்களாம். அதுவரை தினமும் இரவில் குறைந்த அளவில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதே அறுவை வேறு இடத்தில் செய்துகொண்ட தோழியின் குழந்தைக்கு அப்படி எந்த மருந்தும் தரவில்லை. எது சரி?

இன்னொன்று. சிறுநீர் போகும்போது இடது பக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சிறுநீர் லேசாகச் சிவந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகணும் என்கிறாள். காய்ச்சல் இல்லை. இது தொற்றின் ஆரம்பமா? வீட்டில் நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?

இரவுப்பணி:
குழந்தைகள் சிறுநீரக அறுவை வார்டில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், பெற்றோர் நடுராத்திரியில் போன் செய்வது பெரும்பாலும் இதற்குத்தான்.

ஸ்டென்டின் மேல் சுருள் சிறுநீரகத்துக்குள் இருக்கிறது, கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பைக்குள் இருக்கிறது. சிறுநீர்க்குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் இயற்கையாகவே ஒரு வால்வு போன்ற அமைப்பு உண்டு. பை சுருங்கும்போது அது மூடிக்கொண்டு சிறுநீரை மேலே ஏறவிடாமல் தடுக்கும். இப்போது அதன் நடுவே ஸ்டென்ட் போவதால் அது மூட முடியாது. குழந்தை சிறுநீர் போகும்போது கொஞ்சம் மேலே ஏறி சிறுநீரகத்தை அழுத்துகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுவது இதனால்தான். பைக்குள் இருக்கும் சுருள் சுவரில் உரசுவதால் லேசான சிவப்பும், அடிக்கடி போகணும் என்ற உணர்வும் வரும். நன்றாக ஓடி விளையாடிய நாளில் சிவப்பு கூடும், தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும்.

ஆக நீங்கள் சொன்ன மூன்றுமே தொற்று இல்லாமலும் வரக்கூடியவை. ஆனால் அதே வால்வு விஷயத்தால்தான் ஸ்டென்ட் உள்ள குழந்தைக்குத் தொற்று வந்தால் அது பையோடு நிற்காமல் சீக்கிரம் சிறுநீரகத்துக்கு ஏறுகிறது. அதனால் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (ஃபாரன்ஹீட்டில் 100.4) தொட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். நடுக்கம், நிற்காத வாந்தி, கட்டி கட்டியாக இரத்தம், பல மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது, குழந்தை துவண்டு கிடப்பது எல்லாமும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றால் நேரே அவசரப் பிரிவு.

பாராசிட்டமால் கொடுக்கும் முன் வெப்பநிலையை அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். வலிக்கு என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் வந்ததே தெரியாமல் போய்விடும். ஐபுப்ரோஃபென் வேண்டுமென்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் இப்போதுதான் அறுவையிலிருந்து தேறி வருகிறது.

குறிஞ்சி:
என் மகனுக்கும் ஸ்டென்ட் இருந்தது. தினசரி ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே என் கருத்து. இல்லாத நோய்க்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிவிடும். உண்மையிலேயே தொற்று வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. அவனுக்கு ஒவ்வொரு கல்ச்சரிலும் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி என்று வரும், உடனே ஐந்து நாள், ஏழு நாள் என்று மருந்து தருவார்கள். அடுத்த கல்ச்சரில் வேறு கிருமி. ஆனால் அவனுக்கு ஒருமுறைகூட காய்ச்சல் வரவில்லை! நிறையத் தண்ணீர், கிரான்பெர்ரி, சுத்தம். இது போதாதா?

கவின்அப்பா:
குறிஞ்சி, உங்கள் பயம் புரிகிறது. எங்கள் அனுபவம் வேறு மாதிரி, ஆனால் முடிவு உங்களுடையதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. கவினுக்குத் தினமும் இரவு மருந்து தவறாமல் கொடுத்தோம். அப்படியும் 39 டிகிரி காய்ச்சல் வந்து அட்மிட் செய்ய வேண்டியதாயிற்று.

அங்கே ஒரு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை?" என்றுதான். ஸ்டென்ட் உறுத்தலுக்கு என்று ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பையின் இறுக்கத்தைக் குறைக்கும், வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் குடலையும் மந்தமாக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மலம் கட்டி, பையை ஒரு பக்கமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுநீர் உள்ளேயே தங்கியிருக்கிறது. ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிந்தது.

இந்த மருந்து எழுதப்பட்ட எல்லாப் பெற்றோரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: மலச்சிக்கலுக்கும் சேர்த்து ஏதாவது தருகிறீர்களா? எங்களுக்குப் பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் தந்தார்கள். தினமும் இளக்கமாகப் போக ஆரம்பித்த பிறகு ஸ்டென்ட் எடுக்கும்வரை காய்ச்சல் இல்லை.

இரவுப்பணி:
கவின்அப்பா சொன்னதை மேலே பின் செய்து வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், மலச்சிக்கலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆக்ஸிபியூட்டினினால் முகம் சிவந்து உடம்பு சூடாவதும் உண்டு, வியர்வை குறையும். அதைக் காய்ச்சல் என்றோ, காய்ச்சலை அது என்றோ நினைக்க வேண்டாம். தெர்மாமீட்டரை வையுங்கள்.

மருத்துவர்_த:
குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை மருத்துவர் நான். ஆன்டிபயாடிக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழைத்துளி, உங்கள் டாக்டரும் தோழியின் டாக்டரும் இருவருமே தவறு செய்யவில்லை. தினசரித் தடுப்பு மருந்து பற்றிய பெரிய ஆய்வுகள் ஸ்டென்ட் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டவை அல்ல, சிறுநீர் பின்னோக்கி ஏறும் ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டவை. 2014-இல் வெளிவந்த ரிவர் ஆய்வில் 607 குழந்தைகள். தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு மீண்டும் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியானது. ஆனால் சிறுநீரகத் தழும்பில் வித்தியாசம் இல்லை. மருந்து எடுத்தும் மீண்டும் ஈ.கோலை என்ற கிருமியால் தொற்று வந்தவர்களில் 63 சதவீதத்தினரிடம் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. மருந்து எடுக்காத குழுவில் அது 19 சதவீதம். குறிஞ்சி சொல்லும் பயத்துக்கு அடிப்படை இதுதான், அது வீண் பயமில்லை.

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்வரை அந்தப் பக்கம் ரிஃப்ளக்ஸ் இருப்பது போலத்தான். அந்த அளவுக்கு இந்த ஆய்வு நமக்கும் வழிகாட்டும். நான் யாருக்கு எழுதுகிறேன் என்றால்: கைக்குழந்தைகள், முன்பே காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தவர்கள், மறுபக்கமும் ரிஃப்ளக்ஸ் அல்லது சிறுநீர்க்குழாய் வீக்கம் உள்ளவர்கள், பை சரியாகக் காலியாகாதவர்கள். தானாகக் கழிப்பறைக்குப் போகிற, முன்பு தொற்றே வராத, சில வாரம் மட்டும் ஸ்டென்ட் இருக்கப்போகிற குழந்தைக்குப் பெரும்பாலும் எழுதுவதில்லை. வேறொரு டாக்டர் இந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார். எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள், "என் குழந்தைக்கு ஏன்?" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்.

கொடுப்பதென்றால் இரவு படுக்கும் முன், சிறுநீர் போன பிறகு கொடுங்கள். மருந்து நெடுநேரம் பையிலேயே தங்கும். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் தருவதில்லை, மஞ்சள் காமாலை மோசமாகலாம். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருக்கும் பரம்பரைக் கோளாறு) இருந்தால் நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக் கூடாது. வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குறிஞ்சி, உங்கள் மகனுக்கு நடந்ததைப் பற்றி. ஸ்டென்ட் உள்ளே போன சிறிது நேரத்திலேயே சிறுநீரில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அதைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஒட்டி, பாறையில் பாசி பிடிப்பது போல ஒரு படலம் கட்டுகின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக இறங்காது. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல் கல்ச்சரில் கிருமி வருவது, சிறுநீரில் வெள்ளை அணுக்கள் இருப்பது, இரண்டும் ஸ்டென்ட் உள்ளவர்களிடம் சாதாரணம். அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே போனால் மென்மையான கிருமி போய் முரட்டுக் கிருமி வந்து உட்காரும். உங்கள் மகனின் கல்ச்சரில் நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம். குழந்தை நன்றாக இருக்கும்போது வாராவாரம் கல்ச்சர் அனுப்புவதையே நான் விரும்புவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்டென்ட் எடுப்பதற்கு முன் ஒரு கல்ச்சர் எடுப்போம். உள்ளே கருவி விட்டு எடுக்கும்போது சுவர் உரசினால் கிருமி இரத்தத்தில் கலக்கலாம். அப்போது அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம்.

கிரான்பெர்ரி: திரும்பத் திரும்பத் தொற்று வரும் குழந்தைகளுக்கு அது உதவுவதாக பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2023-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. பை சரியாகக் காலியாகாதவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை நம்பிக் காய்ச்சலை விட்டுவிடக் கூடாது.

குறிஞ்சி:
நன்றி டாக்டர். "அறிகுறி இல்லாவிட்டால் கல்ச்சரே வேண்டாம்" என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். காய்ச்சல் வந்தால் மட்டும் கல்ச்சர் என்று வைத்துக்கொண்டாலும், சாம்பிளே சரியில்லை என்றால்? டயபர் வயதில் தோலில் பிளாஸ்டிக் பை ஒட்டித்தான் சிறுநீர் எடுக்கிறார்கள்.

இரவுப்பணி:
நல்ல கேள்வி. ஒட்டும் பையில் எடுத்தது "கிருமி இல்லை" என்று வந்தால் நம்பலாம். "இருக்கிறது" என்று வந்தால் நம்ப முடியாது, தோலில் உள்ள கிருமியும் மலக் கிருமியும் அதில் கலந்துவிடும். காய்ச்சலோடு இருக்கும் ஸ்டென்ட் குழந்தைக்குக் கத்தீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் விடும் மெல்லிய குழாய்) வழியாக எடுப்பதுதான் உறுதி. பெற்றோருக்கு அது கொடுமையாகத் தெரியும், ஆனால் தவறான ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லாத ஊசி மருந்து பல நாள் போடுவது அதைவிடக் கொடுமை.

அவசரம் இல்லையென்றால் நேராகக் கிண்ணத்தில் பிடிக்கலாம். சிறுநீர் வரும் இடத்தைத் துடைத்துவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தடவுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் வரும் வாய்ப்பு இதனால் கூடுகிறது என்று 2017-இல் ஆய்வே வந்தது. பெரிய குழந்தைக்கு முதல் சிறிதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். பிடித்த சாம்பிளை உடனே லேபுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் இருக்கும் ஒன்றிரண்டு கிருமியும் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். முக்கியம்: ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போவதற்கு முன் சாம்பிள் எடுத்துவிட வேண்டும்.

வெண்பா_அம்மா:
எங்கள் மகளுக்குச் சிறுநீரக மாற்று அறுவை. புதுச் சிறுநீரகத்தின் குழாயை இணைத்த இடத்தில் கசிவு வராமல் இருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் ஓடுவதால் எங்கள் கணக்கே வேறு. கோட்ரைமாக்சசோல் தினமும் உண்டு. அது முதன்மையாக ஒருவகை நிமோனியாவைத் தடுக்கத்தான், ஆனால் சிறுநீர்த் தொற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு என்றார்கள். இந்த இழையைப் படிக்கும் மாற்று அறுவைப் பெற்றோர் "தடுப்பு மருந்து தேவையில்லை" என்பதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் குழந்தைகளுக்குச் சில சமயம் காய்ச்சல் பெரிதாக ஏறாமலேயே தொற்று இருக்கும். சோர்வு, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடுவது, சிறுநீர் அளவு குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே போன் செய்கிறோம்.

மருத்துவர்_த:
மிகச் சரி. மாற்று அறுவையில் ஸ்டென்ட் வைப்பதால் கசிவும் அடைப்பும் குறைகின்றன, சிறுநீர்த் தொற்று கூடுகிறது. கோட்ரைமாக்சசோல் எடுப்பவர்களிடம் அந்தக் கூடுதல் தொற்று தெரியவில்லை என்று காக்ரேன் தொகுப்பு காட்டியது. அங்கே சீக்கிரம் ஸ்டென்டை எடுப்பதும் தொற்றைக் குறைக்கிறது.

இதையொட்டி எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொற்றைத் தடுக்க நம் கையில் உள்ளதிலேயே பலமானது, ஸ்டென்டை உரிய நாளில் எடுத்துவிடுவது. படலம் நாளுக்கு நாள் தடிக்கிறது, அதன்மேல் உப்பு படிந்து கல்லாகிறது, கல்லுக்குள் கிருமி குடியிருக்கிறது. பழைய நேரான குழாய்கள் நழுவி வெளியே வந்துவிடும் என்பதால்தான் 1978-இல் ஃபின்னி என்பவர் இரு முனையிலும் வளைவு வைத்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அந்த வளைவு நன்றாகவே வேலை செய்கிறது, ஸ்டென்ட் தானாக வெளியே வராது. வலியும் பழகிப் போய்விட்டால் குடும்பமே அதை மறந்துவிடுகிறது. வருடக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்டை எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை தேவைப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஸ்டென்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, எந்தப் பக்கம், யாருக்குப் போன் செய்வது, நான்கும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். தேதி நெருங்கியும் அழைப்பு வராவிட்டால் நீங்கள் அழையுங்கள். சளி, காய்ச்சல் என்று மயக்க மருந்து தள்ளிப் போனால், அடுத்த தேதியை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

நீலவானம்:
ஆண் குழந்தை, எட்டு மாதம். எங்களுக்கு ஸ்டென்டின் நூல் வெளியே வந்திருக்கிறது, ஒட்டி வைத்திருக்கிறார்கள். நூல் வழியாகக் கிருமி ஏறுமா? முன்தோலைத் தள்ளிக் கழுவ வேண்டுமா?

இரவுப்பணி:
முன்தோலை வலிந்து தள்ளவே கூடாது. கிழிந்து தழும்பாகும். வெளியே தண்ணீரில் கழுவினால் போதும். நூல் இருந்தால் இன்னொரு மயக்க மருந்து இல்லாமல் எடுத்துவிடலாம் என்பது பெரிய நன்மை. அதன் ஆபத்து, குழந்தை கையில் சிக்கி இழுபடுவது. டயபரை மாற்றும்போது ஒட்டிய பிளாஸ்டர் நனைந்திருந்தால் மாற்றுங்கள். நூலை டயபரின் ஒட்டும் பட்டைக்குள் சிக்கவிடாதீர்கள். கொஞ்சமாவது வெளியே இழுபட்டது போலத் தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல், அப்படியே ஒட்டிவிட்டு வார்டுக்குப் போன் செய்யுங்கள். மலம் பட்ட டயபரை உடனே மாற்றுங்கள், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். கிருமிநாசினி, சோப்பு நுரைக் குளியல் எதுவும் வேண்டாம், தோல் எரிச்சலானால் குழந்தை சிறுநீரை அடக்கும்.

மருத்துவர்_த:
முன்தோல் பற்றிக் கேட்டதால்: சாதாரண ஆண் குழந்தைகளில் ஒரு தொற்றைத் தடுக்க 111 பேருக்கு முன்தோல் நீக்கம் செய்ய வேண்டும். கடுமையான ரிஃப்ளக்ஸ் உள்ளவர்களில் 4 பேருக்குச் செய்தாலே ஒன்று தடுக்கப்படும். இது 2005-இல் வந்த கணக்கு. சில வாரத்துக்கு இருக்கும் ஸ்டென்டுக்காக மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பத் திரும்பக் காய்ச்சலோடு தொற்று வரும் குழந்தையின் பெற்றோரிடம் பேசுவேன்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் "என் குழந்தைக்கு ஏன்?" என்று கேட்டேன். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சலோடு ஒரு தொற்று வந்திருந்தது, அதனால்தான் என்றார். காரணம் தெரிந்ததும் சிரப் கொடுக்க மனம் உறுத்தவில்லை. ஆக்ஸிபியூட்டினினும் இருக்கிறது, மலம் இளக மருந்து கேட்டு வாங்கிவிட்டேன்.

இப்போது பிரச்சினை, வலிக்கும் என்ற பயத்தில் மணிக்கணக்காக அடக்குகிறாள். பிறகு அவசரமாக உட்கார்ந்து பாதியிலேயே எழுந்துவிடுகிறாள்.

இரவுப்பணி:
அடக்கினால் பை நிறைந்து அழுத்தம் கூடும், அதனால் மேலே ஏறுவதும் வலியும் கூடும், அடுத்த முறை இன்னும் அடக்குவாள். இதை உடைக்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வருகிறதோ இல்லையோ உட்கார வையுங்கள். கால் தொங்காமல் தரையிலோ ஸ்டூலிலோ ஊன்றியிருக்கட்டும், முழங்கால்கள் விலகியிருக்கட்டும். முக்கச் சொல்லாதீர்கள். குமிழி ஊதச் சொல்லுங்கள், ஊதும்போது அடிப்பகுதித் தசை தளரும். முடித்ததும் எழுப்பிவிடாமல், ஒரு கதையோ பாட்டோ சொல்லிவிட்டு இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள், மிச்சம் இருப்பது அப்போது வரும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க வைக்காமல் பகல் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருந்தால் போதும். வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தபடி சிறுநீர் போவது சில குழந்தைகளுக்கு வலியில்லாமல் இருக்கிறது, முதல் சில நாள் அதையும் அனுமதிக்கலாம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கவின்அப்பா:
குமிழி ஊதுவது கவினுக்கும் வேலை செய்தது. பள்ளிக்குப் போகிற குழந்தை என்றால் ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், கேட்கும்போதெல்லாம் அனுப்ப வேண்டும் என்று.

மழைத்துளி:
கடைசியாக ஒன்று. ஸ்டென்ட் எடுத்த அன்றோடு இந்தக் கவலை எல்லாம் முடிந்துவிடுமா? சிரப்பை அன்றே நிறுத்தலாமா?

மருத்துவர்_த:
எடுத்த முதல் ஓரிரு நாள் எரிச்சலும் லேசான சிவப்பும் இருக்கும். குழாய் கொஞ்சம் வீங்கியிருப்பதால் சிலருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வலியும் வரலாம். வலி கூடிக்கொண்டே போய் வாந்தியோடு சேர்ந்தால், அல்லது 38 டிகிரி காய்ச்சல் வந்தால், ஸ்டென்ட் எடுத்தாயிற்றே என்று வீட்டில் இருக்காமல் உடனே வாருங்கள். வீக்கத்தால் வழி அடைத்திருக்க வாய்ப்பு உண்டு, அடைத்த இடத்தில் தொற்று சேர்ந்தால் ஆபத்து. சிரப்பை என்று நிறுத்துவது என்பதை எடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சிலருக்கு அடுத்த ஸ்கேன் வரை தொடர்வோம். ஆக்ஸிபியூட்டினின் பெரும்பாலும் அன்றோடு சரி. மலம் இளகும் மருந்தை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், குடல் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.